பங்குனி டப்பா: வீட்டு பிஸ்கட் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி கடைசியில், சித்திரை ஒன்றுக்குள் கைக்குப் போய்ச் சேருகிற மாதிரி, கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலிருந்து இருபது இருபத்தைந்து டப்பா பிஸ்கட் கிளம்பும். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், கூடவே பழைய ஆபீஸ் ஆட்கள் இரண்டு மூன்று பேர். டப்பா போன மறுநாளே போன் வரும், "அக்கா அந்த உளுந்து வாசனை வந்ததே, அதை எப்படிச் செய்தீர்கள்" என்று. ஒரே பதிலைப் பத்துப் பேருக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் எழுதிவிட்டேன்.

இது குக்கீஸா, பிஸ்கட்டா?

அமெரிக்காக்காரர்களுக்குக் குக்கீ, வெள்ளைக்காரன் நமக்கு விட்டுப்போன பேர் பிஸ்கட். குக்கீ என்பது 'சின்ன கேக்' என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. பிஸ்கட்டுக்கு 'இரண்டு முறை சுட்டது' என்று அர்த்தம். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் டீக்கடை ரஸ்க்தான் அசல் பிஸ்கட். எங்கள் தெருவில் குக்கீஸ் என்று சொன்னால் "பெரிய கடையில் வாங்கினியா?" என்பார்கள், அதனால் எனக்கு பிஸ்கட்.

ஏன் பங்குனியில்? தீபாவளிக்குச் செய்தால் இன்னும் நன்றாக இருக்குமே?

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் இருக்கிறபோது பிஸ்கட்டை யார் சீண்டுவார்கள்? அது ஒரு பக்கம். இன்னொன்று மழை. ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் காற்றே ஈரம், காலையில் சுட்டது சாயந்திரம் நமுத்துவிடும்.

பங்குனி வேறு மாதிரி மாதம். ஆற்றில் தண்ணீர் கிடையாது, மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுவதுதான் வழக்கம் என்பதால் காவிரி வெறும் மணலாகக் கிடக்கும். ஆனால் களத்தில் வேலை இருக்கும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். பனியையும் மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்தையும் வைத்தே அது வளர்ந்து, பங்குனி சித்திரையில் புது உளுந்து வீட்டுக்கு வரும். மாமரத்தில் வடு, வேம்பில் பூ. ராமநவமிக்குப் பானகம். மன்னார்குடி ராஜகோபால சுவாமிக்குப் பங்குனித் திருவிழாவில் வெண்ணெய்த்தாழி, சுவாமி தவழும் கண்ணனாக வெண்ணெய்க் குடத்தோடு வர, ஜனங்கள் அவர்மேல் வெண்ணெயை வீசுவார்கள். புது உளுந்து, வெண்ணெய், சுக்கு, எலுமிச்சை எல்லாம் ஒரே மாதத்தில் கண்ணில் படுகிறபோது அடுப்பைப் பற்ற வைக்காமல் இருக்க எனக்கு முடியவில்லை. வெளிநாட்டுக்காரர்களின் வசந்தகால பிஸ்கட்டில் பூவும் முயலும் வரைந்திருக்கும். நம் வசந்தத்துக்கு வாசனைதான் அடையாளம்.

ஒரு டப்பாவில் ஐந்து வகை இருக்கிறது. ஒரே நாளில் ஐந்து மாவா பிசைகிறீர்கள்?

இல்லை. மூன்று வகைக்கு ஒரே மாவு. உளுந்துக்குத் தனி, உப்பு பிஸ்கட்டுக்குத் தனி.

பொது மாவுக்குக் கணக்கு சுலபம்: பொடித்த சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு. எடைக்கணக்கு, டம்ளர் கணக்கு இல்லை. 100 கிராம் சர்க்கரை, 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 300 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் கொஞ்சம் வெளுக்கும்வரை கையாலேயே தேய்த்துவிட்டு மைதாவைச் சேருங்கள். மாவு சேர்த்தபின் சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி அழுத்திப் பிசையக் கூடாது, அப்படிப் பிசைந்தால் பிஸ்கட் கரையாது, கடிக்கத்தான் வேண்டியிருக்கும். ஒன்றாகச் சேர்ந்து வந்தால் போதும், விட்டுவிடுங்கள்.

600 கிராம் உருண்டை வரும். அதை மூன்றாகப் பிரித்து,

ஒன்றில் வறுத்த எள் இரண்டு மேசைக்கரண்டி. வெள்ளை எள் பார்வைக்கு நன்றாயிருக்கும், கறுப்பு எள் ருசிக்கு நன்றாயிருக்கும். நான் கறுப்புக் கட்சி.

இன்னொன்றில் கொப்பரைத் துருவல் ஒரு கைப்பிடி. பச்சைத் தேங்காய் வேண்டவே வேண்டாம், அதன் ஈரம் மாவைக் குழப்பிவிடும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் யாராவது இருந்தால் கொப்பரை சொல்லி வாங்குங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டதிலிருந்து, அங்கிருந்து தேங்காய் வந்தால் நான் பேரம் பேசுவதில்லை.

மூன்றாவதுதான் எல்லோரும் கேட்கிற பானக பிஸ்கட். சுக்குப்பொடி முக்கால் டீஸ்பூன், ஏலக்காய் அரை டீஸ்பூன், இரண்டு எலுமிச்சையின் தோல் துருவல், மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. தோலில் மேல் நிறத்தை மட்டும் சீவுங்கள், உள்ளே இருக்கிற வெள்ளை பட்டால் கசக்கும். சாறு ஊற்றாதீர்கள். பானகம் என்றால் வெல்லம்தானே என்று கேட்பீர்கள். இந்தப் பங்கை மட்டும் தனியாக, சர்க்கரைக்குப் பதில் சலித்த நாட்டுச் சர்க்கரை போட்டுப் பிசைந்தால் இன்னும் பொருத்தம். எனக்கு நேரம் இருந்தால் அப்படி, இல்லையென்றால் பொது மாவுதான்.

சொன்ன மாதிரியே செய்தேன், எல்லாம் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. ஏன்?

வெயில்தான், வேறொன்றும் இல்லை. எனக்கும் முதல் வருஷம் இதுவே நடந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு, மின்விசிறிகூடப் போடாமல் (மாவு பறக்கிறதாம்!) பதினைந்து உருண்டை உருட்டி டிரேயில் வைத்து உள்ளே தள்ளினேன். பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பதினைந்தும் சேர்ந்து ஒரே அப்பளமாகக் கிடக்கிறது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் ஓரத்திலிருந்து உடைத்துக் காப்பியில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு, "ருசி சரியாத்தான் இருக்கு, உருவம்தான் இல்லை" என்றார்.

வெண்ணெய் 32, 33 டிகிரி செல்சியஸிலேயே உருக ஆரம்பித்துவிடும். பங்குனி மத்தியானத்தில் நம் சமையலறையே அந்தச் சூட்டைத் தாண்டியிருக்கும். அதாவது நீங்கள் ஓவனைத் திறப்பதற்கு முன்னாலேயே வெண்ணெய் பாதி உருகியாகிவிட்டது. உள்ளே போனதும் மாவு வேகுவதற்குள் கொழுப்பு ஓடிவிடும், ஓடிய இடமெல்லாம் பிஸ்கட்.

அதனால் மாவை முதல் நாள் ராத்திரியே பிசைந்து, உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து கத்தியால் அரை விரல் கனத்துக்கு வில்லை வில்லையாக நறுக்கி நேராக டிரேயில் வைப்பேன். கையில் உருட்டினால் கைச்சூடு வேறு சேரும். நறுக்கியதும் டிரேயோடு இன்னொரு பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில். ஓவன் முன்கூட்டியே 170 டிகிரிக்குச் சூடாகியிருக்க வேண்டும். அடுத்த ஈடுக்கு அதே சூட்டு டிரேயில் மாவை வைக்காதீர்கள், அதைத் திருப்பிப்போட்டு அடியில் குழாய்த் தண்ணீர் காட்டி ஆறவிடுங்கள். ஒன்பது மணிக்குள் கடையைக் கட்டிவிடுவேன். அதற்குமேல் மின்சாரமும் போகும், பொறுமையும் போகும்.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? தொட்டால் மெத்தென்று இருக்கிறதே?

மெத்தென்றுதான் இருக்கும். எடுக்கிறபோதே மொறுமொறுப்பாக இருந்தால் ஆறியதும் கல். 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிஷம். ஓரம் மட்டும் தேன் நிறத்துக்கு வந்து, நடுப்பகுதி வெளுப்பாகவே இருக்கும்போது வெளியே எடுங்கள். டிரேயிலேயே ஐந்து நிமிஷம் தொடாமல் விட்டால் தானாகக் கெட்டியாகும். எல்லா ஓவனிலும் ஒரு மூலை கூடுதலாகச் சுடும், முதல் ஈட்டிலேயே அந்த மூலை எது என்று தெரிந்துவிடும்.

அந்த உளுந்து பிஸ்கட்?

சரி, இதற்குத்தான் பாதிப் பேர் போன் செய்கிறீர்கள்.

தோல் நீக்கிய முழு உளுந்தை அடி கனமான வாணலியில் போட்டு, சின்னத் தீயில், கை விடாமல் வறுக்க வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். எட்டாவது பத்தாவது நிமிஷத்தில் பச்சை வாடை போய், சுண்டுருண்டைக்கு வறுக்கும்போது வருமே, அந்த வாசனை வாசல்வரை போகும். பருப்பு அங்கங்கே இளஞ்சிவப்பாகும். அப்போதே இறக்கித் தட்டில் கொட்டிவிடுங்கள், வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகும். பயந்துபோய்ப் பாதியில் இறக்கினால் பிஸ்கட்டில் பச்சைப் பருப்பு ருசி நிற்கும், எத்தனை ஏலக்காய் போட்டாலும் மறையாது. ஆறிய பிறகு மிக்சியில் அரைத்து மைதா சலிக்கிற சல்லடையில் இரண்டு தடவை சலியுங்கள். ஒரு குருணை தங்கினாலும் பல்லில் மாட்டும்.

உளுந்து மாவு 100 கிராம், மைதா 50 கிராம், பொடித்த நாட்டுச் சர்க்கரை 75 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. இதற்கு வெண்ணெய் இல்லை, நெய். உருக்காத, மணல் மணலாக உறைந்த நெய் சுமார் 100 கிராம். முதலில் 80 போட்டுப் பாருங்கள், பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிர வேண்டும், கொழுக்கட்டைப் பூரணம் மாதிரி. பங்குனியில் நெய் எங்கே உறையும் என்றால், அதையும் முதல்நாளே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதுதான். எலுமிச்சை அளவு உருட்டி லேசாக அழுத்தி, 150 டிகிரியில் 15 முதல் 18 நிமிஷம். ஏற்கெனவே வறுத்த மாவு என்பதால் சூடு கூடினால் அடி பிடித்துவிடும். சூடாக இருக்கும்போது கை வைக்காதீர்கள், பொடிந்துவிடும்.

மைதாவே வேண்டாம் என்று முழுக்க உளுந்திலேயே செய்து பார்த்தேன். வாயில் ஒட்டிக்கொண்டது. அந்த 50 கிராம் இருக்கட்டும்.

வீட்டு வெண்ணெய் போடலாமா?

போடலாம், மோரைப் பிழிந்து எடுத்துவிட்டால். கடை வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்கும். வீட்டில் கடைந்ததில் மோர் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஐஸ் தண்ணீரில் போட்டுக் கழுவி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அமுக்கி அமுக்கி எடுங்கள். லேசாகப் புளித்த வெண்ணெயில் எள் பிஸ்கட் அபாரமாக இருக்கும், இது என் அனுபவம்.

ஓவன் இல்லை. குக்கரில் வருமா?

வரும். அடி கனமான குக்கரோ பழைய இட்லிக் குண்டானோ எடுத்து, அடியில் ஒரு அங்குலத்துக்கு உப்பு அல்லது கழுவிக் காயவைத்த மணல் பரப்பி, அதன்மேல் ஸ்டாண்டு. குக்கராக இருந்தால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள், இது விளையாட்டில்லை. பத்து நிமிஷம் நடுத்தீயில் காயவைத்து, அப்புறம் தட்டை இறக்கிச் சின்னத் தீ. இருபது நிமிஷத்துக்குமேல் ஆகும். அடி சிவக்கும், மேலே வெளுப்பாகவே இருக்கும், ருசியில் குறை இருக்காது. ஆனால் ஒரு ஈட்டுக்கு ஆறோ ஏழோதான் வைக்க முடியும். இருபது டப்பாவுக்கு இப்படிச் சுட்டால் ஆடி வந்துவிடும்.

பேக்கரி பிஸ்கட் மாதிரி மொறுமொறுப்பு வரவில்லையே. அவர்கள் அமோனியா போடுகிறார்களாமே?

போடுவார்கள், அது தப்பில்லை. அமோனியம் பைகார்பனேட் என்ற உப்பு, சூட்டில் அமோனியா, கரியமில வாயு, நீராவி என்று மூன்றாகப் பிரிந்து ஓடிவிடும், மெல்லிசான பிஸ்கட்டை நன்றாக உலர்த்திக் கரகரப்பாக்கும். தடிமனாகச் செய்தால் அந்த வாடை உள்ளேயே தங்கிவிடும். வீட்டில் சுடும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடவேண்டியிருக்கும் என்பதால் நான் வாங்குவதில்லை. மொறுமொறுப்புக்கு மைதாவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பச்சரிசி மாவு சேருங்கள். நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு இதற்கு வேறு யோசனையா?

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி மாவில் செய்யலாமா?

நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் விதைத் திருவிழா நடத்தி இந்த ரகங்களையெல்லாம் திரும்ப ஊருக்குள் கொண்டுவந்த பிறகு, எங்கள் மளிகைக் கடையிலேயே மாவாகக் கிடைக்கிறது. அரிசி மாவில் மாவைப் பிடித்துவைக்கிற பசைச்சத்து கிடையாது, தனியாகச் செய்தால் தட்டிலிருந்து வாய்க்குப் போவதற்குள் உதிரும். பாதிக்குப் பாதி மைதாவோடு கலந்தால் நன்றாக வரும். கவுனி போட்ட பிஸ்கட் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும், குழந்தைகள் முதலில் சாக்லேட் என்று நினைத்து எடுத்து ஏமாறுவார்கள்.

முட்டை உண்டா?

இல்லை. டப்பா போகிற வீடுகளில் பாதி சைவம்.

அப்பாவுக்குச் சுகர். நாட்டுச் சர்க்கரை போட்டதைக் கொடுக்கலாம்தானே?

நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், ரத்தத்தில் போய் அதே வேலையைத்தான் பார்க்கும். நிறம் பழுப்பு என்பதால் சர்க்கரை வியாதி ஏமாறாது. அவருக்கு உப்பு பிஸ்கட் ஒன்றிரண்டு கொடுங்கள், மைதா என்பதால் அதுவும் கணக்கோடுதான். சமையலில் மட்டும் வித்தியாசம் உண்டு. நாட்டுச் சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பிஸ்கட் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் சிவக்கும்.

உப்பு பிஸ்கட்டுக்கு அளவு?

பொது மாவில் சர்க்கரையைக் கால்வாசியாகக் குறைத்து, உப்பு அரை டீஸ்பூன், கசக்கிய ஓமம் ஒரு டீஸ்பூன், ஒரு ஆர்க்கு கறிவேப்பிலை பொடிப்பொடியாக. அவ்வளவுதான்.

வேப்பம்பூ போட்டுப் பார்த்தீர்களா? வெற்றிலை?

இரண்டும் பார்த்தேன். சித்திரை ஒன்றுக்கு மாங்காய், வெல்லத்தோடு வேப்பம்பூப் பச்சடி செய்கிறோமே என்று இனிப்பு பிஸ்கட்டில் போட்டது தோல்வி, கசப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. காய்ந்த பூவை நெய்யில் கருக்கி உப்பு பிஸ்கட்டில் கிள்ளிப் போட்டது ஜெயித்தது, வத்தக்குழம்பு பிரியர்களுக்கு மட்டும் தருவேன். வெற்றிலை கதை வேறு. 2025-ல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சந்தோஷத்தில் காயவைத்துப் பொடித்துப் போட்டேன். வைக்கோல் வாசனை வந்தது. சாப்பிட்டு முடித்தபின் போடவேண்டியதை உள்ளே போட்டது என் தப்பு.

ஈஸ்டருக்கு மேலே ஐசிங், பூ, முட்டை எல்லாம் வரைந்து கேட்கிறார்கள். சாக்லேட்டில் முக்கலாமா?

ஐசிங் போடலாம். வழக்கமாக முட்டை வெள்ளையும் பொடித்த சர்க்கரையும் சேர்த்துத்தான் செய்வார்கள், பச்சை முட்டையை இந்த வெயிலில் நம்பாமல், முட்டை வெள்ளையைக் காயவைத்துப் பொடித்த மெரிங் பவுடர் வாங்கிவிடுங்கள். ஃபேனுக்கு அடியில் ராத்திரி முழுக்கக் காயவேண்டும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மாதிரிக் கடலோரம் என்றால் மறுநாளும் தொட்டால் ஒட்டும். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில் ஈஸ்டருக்குப் பூண்டி மாதா கோயிலுக்குப் போய்விட்டு வருவார்கள், அவர்களுக்கு முட்டை வடிவத்தில் பானக பிஸ்கட்டை வெட்டி மேலே கொஞ்சம் எலுமிச்சைத் தோலைத் தூவிக் கொடுத்துவிடுவேன்.

சாக்லேட் வேண்டாம். அது நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே, 34 டிகிரி வாக்கிலேயே உருகும். டப்பா பஸ் ஸ்டாண்டு போவதற்குள் எல்லா பிஸ்கட்டும் ஒரே நிறமாகிவிடும். ஆசையாக இருந்தால் மாவிலேயே கோகோ பவுடர் போடுங்கள்.

எத்தனை நாள் இருக்கும்? சென்னைக்கு உடையாமல் எப்படி அனுப்புகிறீர்கள்?

எள், பானகம், உளுந்து மூன்றும் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். கொப்பரை போட்டது பத்து நாளில் காறல் அடிக்க ஆரம்பிக்கும், அதை முதலில் தின்றுவிடுங்கள். உப்பு பிஸ்கட்டை இனிப்போடு சேர்த்து வைக்காதீர்கள், ஓமம் எல்லாவற்றிலும் ஏறிவிடும். முழுக்க ஆறிய பிறகுதான் மூட வேண்டும். லேசான சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து அத்தனையும் நமுத்துப் போகும். நமுத்துவிட்டால் 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் காட்டினால் திரும்ப வரும்.

ராத்திரி பஸ்ஸில் போகிற டப்பாவுக்கு அடியிலும் இடுக்கிலும் அரிசிப் பொரியைக் கொட்டி நிரப்புவேன். குலுங்காது, கொஞ்சம் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், அங்கே பிரித்ததும் பொரியையும் தாளித்துச் சாப்பிட்டுவிடலாம். வில்லைகளைப் படுக்கவைக்காமல் வளையல் அடுக்குகிற மாதிரி நிறுத்தி அடுக்குங்கள்.

இவ்வளவு செய்கிறீர்களே அக்கா, விற்கலாமே?

விற்பதென்றால் வீட்டில் செய்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும், டப்பாவில் என்னென்ன போட்டோம், எந்தத் தேதி என்று ஒட்ட வேண்டும். அதெல்லாம் செய்யக்கூடியதுதான். ஆனால் காசு வாங்கிவிட்டால் மாமியார் சொன்ன மாதிரி உருவமும் இருக்க வேண்டும். அதற்கு நான் தயாரில்லை.

உடைந்துபோனதையெல்லாம் என்ன செய்வது?

எல்லா டப்பாவும் மூடிய பிறகு டிரேயில் ஒரு கிண்ணம் உடைசல் மிஞ்சும். எள்ளும் உளுந்தும் பானகமும் கலந்துதான் கிடக்கும், பிரிக்க வேண்டாம். டபராவில் போட்டு, டிகாக்ஷன் கொஞ்சம் தூக்கலாகச் சூடான காப்பியை ஊற்றி, ஸ்பூனால் சாப்பிடுங்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊறிவிடும், சீக்கிரம்.